பின்னோக்கி ஓர் அடி

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய இடத்தில் இந்த முறை ஒரு குதிரை வந்து நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று நீ சொல்லிக் கொடுக்கும் சவாரிப் பள்ளிக்குப் போயிருந்தேன். நீயும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நான் அடிக்கடி அந்தப் பக்கம் போவதுண்டு. ஆனால் உன் குதிரை துரை இருக்கும் இடத்துக்குப் பெரும்பாலும் போகமாட்டேன். உன்னைத் தவிர யார் வந்தாலும் அவன் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். பேர் வைத்தவளைத்தான் சொல்ல வேண்டும். துரை என்று கூப்பிட்டால் துரை மாதிரித்தானே இருப்பான்?

நேற்று முதலாளியம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார். மழை முடிந்ததும் பள்ளி வேறு இடத்துக்கு மாறுகிறதாம். புது லாயத்தில் குதிரைக்கு ஒன்றாகக் குறுகலான தடுப்பு அறைகள். தலையை நீட்டி உள்ளே போனால், பின்னாலேயே நடந்துதான் வெளியே வர வேண்டும். திரும்ப இடம் கிடையாது. ஏற்றிப் போகிற வண்டியும் அதே கதைதான். "உங்க பொண்ணோட குதிரை மத்ததெல்லாம் நல்லா செய்யுதுங்க. பின்னால மட்டும் ஒரு அடி வைக்காது. பழக்கறதுக்கு இப்ப என்கிட்ட ஆளில்லை. அது கத்துக்கலைன்னா நான் கூட்டிட்டுப் போக முடியாது" என்றார். நல்ல மனுஷி. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே நானே பழக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். சிரிக்காதே. ரயில்வே யார்டில் காலமெல்லாம் இன்ஜினை முன்னும் பின்னும் ஓட்டிப் பெட்டி கோத்தவன் நான். ஒரு குதிரையைப் பின்னால் நகர்த்த முடியாதா?

முடியவில்லை. இரண்டு கையையும் அவன் மார்பில் வைத்துத் தள்ளினேன். அவன் தாடையை என் தோளில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். குதிரைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் காதுக்குச் சிரிப்பு கேட்கவில்லை, தோள் குலுங்கியது தெரிந்தது.

எப்படிப் பழக்குவது என்று விவரமாக எழுது. இந்தக் காதை வைத்துக்கொண்டு போனில் கேட்டால், நீ ஒன்று சொல்ல நான் ஒன்று செய்வேன்.

அங்கே சொல்லிக் கொடுக்கிற பயிற்சிகளை ஒன்று விடாமல் செய். மனசு வைத்தால் முடியாதது இல்லை. குளிர் காலத்துக்குள் நீ வந்து அவன் மேல் ஏறி உட்கார வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

உன்,
அப்பா

*

ஜூன் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பீரோவை நகர்த்தச் சொன்னா இடுப்பு வலிம்பாரு, குதிரையைத் தள்ளினாராமா?" என்றாள். பக்கத்துக் கட்டில் தையல்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த வார்டில் ஒருவர் சிரித்தால் நர்ஸ் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிறாள்.

அப்பா, தள்ளாதீர்கள். நீங்கள் தள்ளினால் அவனும் திருப்பித் தள்ளுவான், குதிரையின் சுபாவம் அது. அவனுக்கு முன்னால் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். தலைக்கயிற்றைத் தாடைக்குக் கீழே தளர்வாகப் பிடியுங்கள். "பின்னால" என்று சாதாரணக் குரலில் ஒருமுறை சொல்லுங்கள். பிறகு கயிற்றை அவன் மார்புப் பக்கமாக லேசாக அழுத்தி, இன்னொரு கையின் விரல்களை மார்பில் வையுங்கள். அவ்வளவுதான். அப்புறம் அவன் யோசிக்கட்டும். கால் எடுத்து வைக்கக்கூட வேண்டாம். உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்த்தாலே போதும், அந்த நொடியில் கையை எடுத்துவிட்டுக் கழுத்தைத் தடவிக் கொடுங்கள். அழுத்துவதில் அவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை, விடுவதில்தான் கற்றுக்கொள்கிறான். அவனாக மனம் ஒப்பிப் போக வேண்டும். இழுத்துப் பிடித்தால் தலையைத் தூக்குவான், முதுகு குழியும், பின்னங்கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்.

என்னிடமும் அவன் பின்னால் நேராகப் போனதில்லை. கோணல்மாணலாக ஓரிரண்டு அடி வைப்பான். முன்னால் அவ்வளவு அழகாக ஓடுகிறவனுக்கு இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். குதிரை மேலிருந்து ஒரு நாளும் விழாதவள் ஸ்கூட்டரிலிருந்து விழுவேன் என்று யார் கண்டது?

குளியலறைக் கதவைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சக்கர நாற்காலி அதில் நுழையாது அப்பா. வாசல் படிக்கட்டுக்கும் ஒரு சாய்தளம் போட வேண்டும். இங்கே எனக்குச் செய்ய வேண்டியது ஏறக்குறைய முடிந்துவிட்டது. வீடு தயாரானால் அனுப்பிவிடலாம் என்கிறார்கள். கொத்தனாரைப் பாருங்கள்.

குளிர் காலத்தில் ஏறி உட்காருவது பற்றி டாக்டர் உங்களிடம் நேரிலேயே சொன்னார். உங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ. அதை மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்பு மகள்,
பாப்பா

*

ஜூன் 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். விரலை வைத்துவிட்டுச் சும்மா நிற்பது என்பது தள்ளுவதைவிடக் கஷ்டம். கை பரபரக்கிறது. குதிரைக்காரர் வந்து, "ஆடிக் கறக்கற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கற மாட்டைப் பாடிக் கறக்கணும்ங்க" என்றார். ஆடவும் தயார் பாடவும் தயார், எது வேண்டும் என்று அவன் சொன்னால் தேவலை.

ஒரு வாரம் போல அவன் என்னையும் நான் அவனையும் பார்த்துக்கொண்டு நின்றோம். முந்தாநாள் காலையில் பாரம் பின்னால் போனதைப் பார்த்தேன். தோள் சதை ஒரு சுற்று இறுகித் தளர்ந்தது. சட்டென்று கையை எடுத்தேன். அவன் ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என் சட்டைப் பையை முகர்ந்து காரட் இருக்கிறதா என்று தேடினான். இப்போதெல்லாம் நான் வந்தால் காதை மடக்குவதில்லை. முன்னுக்கு நீட்டுகிறான்.

கொத்தனார் வெளியூர் போயிருக்கிறார். அவர் வந்தாலும் எனக்கு ஒரு யோசனை இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. சுவரை இடித்துவிட்டால் இடித்ததுதான். நாளைக்கு நீ உன் காலில் நடந்து வரும்போது அந்த ஓட்டையைப் பார்த்து நாமே சிரிப்போம். எதிர்வீட்டு வாத்தியார் சொன்னார், அவருடைய மைத்துனர் மாடியிலிருந்து விழுந்து அசைவில்லாமல் கிடந்தவர், இப்போது கடைக்குப் போய் வருகிறாராம். மனசுதான் காரணம் என்று டாக்டர்களே சொன்னார்களாம்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? சாப்பாட்டைப் பற்றி என்னைக் கவலைப்படச் சொல்லாதே. சோறு குழைகிறது, குழம்பு தீய்கிறது, இரண்டையும் கலந்தால் சரியாகிவிடுகிறது.

உன்,
அப்பா

*

ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

பாரம் போனதைக் கண்டுபிடித்தீர்களே, அது சாதாரண விஷயமில்லை. என்னிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கண் கிடையாது. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். துரை சட்டைப் பையை முகர்ந்தான் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன்.

இனி ஒரு வேலிக்கோ சுவருக்கோ பக்கத்தில் அவனை நிறுத்திக் கேளுங்கள். கோணிப் போகாமல் இருப்பான். ஒரு அடி வைத்தால் அத்தோடு அன்றைய பாடத்தை முடித்துவிடுங்கள். இரண்டாவது அடிக்கு ஆசைப்படாதீர்கள்.

வாத்தியாரின் மைத்துனருக்கு அடிபட்டது வேறு இடத்தில் அப்பா. எனக்கு முதுகுத்தண்டில் நரம்பு அறுந்துபோயிருக்கிறது. அது மனசு சம்பந்தப்பட்டதில்லை.

இங்கே பயிற்சி மாஸ்டர் என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு வழுக்குப் பலகை மேல் நகர்ந்து போவது. நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு. கால் விரலில் புண் வந்திருக்கிறதா என்று கண்ணாடியை வைத்துப் பார்ப்பது, ஏனென்றால் வந்தாலும் எனக்குத் தெரியாது. நடக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்துப் படுக்கிறாள். காலையில் எழுந்திருக்க என் கட்டில் கம்பியைப் பிடித்து எழுகிறாள். முட்டி வலி எப்படி என்று கேட்டீர்களே, இதுதான் பதில். உங்களிடம் சொல்லக் கூடாது என்று சொன்னாள், சொல்லிவிட்டேன். கொத்தனார் வந்துவிட்டாரா?

அன்பு மகள்,
பாப்பா

*

ஜூலை 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரு அடி வைத்தான்.

வேலி ஓரமாக நிறுத்தி, "பின்னால" என்றேன். முன்னங்கால் பின்னால் வந்தது, பின்னங்காலும் வந்தது. நீ சொன்னபடி அத்தோடு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சொல்ல ஆளில்லாமல் ரேடியோவைப் போட்டேன். அது எனக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அதற்குப் பிறகு சரியில்லை. மறுநாள் கேட்டபோது வலது பின்னங்காலைத் தூக்கினான், தூக்கியவன் கீழே வைக்கவில்லை. வயிற்றுப் பக்கமாக, வெளியே தள்ளி, உயரத் தூக்கி வைத்துக்கொண்டான். கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. வாலும் தூக்கிக்கொண்டு நடுங்கியது. ஈ கடிக்கிறதோ என்று பார்த்தேன், ஈ இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொப்பென்று காலைப் போட்டான். மறுபடி கேட்டால் மறுபடி அதே. இப்போது கயிற்றைக் கையில் எடுத்தாலே தலையை மேலே தூக்கிவிடுகிறான்.

வேண்டுமென்றே செய்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒருநாள் வைத்தவனுக்கு மறுநாள் ஏன் முடியாது? நேற்று எனக்குப் பொறுமை போய்விட்டது. சத்தம் போட்டேன். கயிற்று நுனியால் மார்பில் ஒரு தட்டும் தட்டினேன். அவன் திமிறவில்லை. காலைத் தூக்கியபடி அப்படியே நின்றான், கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. பிடிவாதத்தில் உன்னை அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறான்.

மழை ஆரம்பித்துவிட்டது. முதலாளியம்மா தினமும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போகிறார். என்ன செய்யலாம் சொல்.

உன்,
அப்பா

*

ஜூலை 24

அப்பா,

உடனே நிறுத்துங்கள். இனி அவனைப் பின்னால் போகச் சொல்லவே வேண்டாம்.

லாடம் அடிக்கிறவரைக் கேளுங்கள், வலது பின்னங்காலைத் தூக்கிப் பிடிக்கும்போது இப்படி உதறி நடுங்குகிறானா என்று. முன்பு ஒருமுறை அவர், "இவன் கால் கொடுக்க மாட்டேங்கிறான்" என்று முணுமுணுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால்நடை டாக்டரை வரச் சொல்லிக் காட்டுங்கள். பெரிய உடம்புக் குதிரைகளுக்கு வருகிற நடுக்க வியாதி ஒன்று இருக்கிறது. அதுவாக இருக்கக் கூடாது.

நீங்கள் தட்டியதற்காக வருத்தப்பட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாது. இத்தனை நாள் அவன் மேல் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை.

பாப்பா

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சந்தேகப்பட்டதுதான்.

டாக்டர் இன்று காலை வந்தார். வயதில் சின்னவர், பொறுமைசாலி. முன்னால் நடத்திப் பார்த்தார், ஓட விட்டுப் பார்த்தார். அதெல்லாம் துரை ராஜநடைதான். பிறகு பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னையே பிடிக்கச் சொல்லி ஒரே ஒருமுறை பின்னால் கேட்கச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார். காலும் வாலும் தூக்கிக்கொண்டு நடுங்கின. போதும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

"இது சண்டித்தனம் இல்லைங்க. பின்னால போகணும்னு அதுக்குத் தெரியுது. போகத்தான் பாக்குது. கால் கேக்கலை."

மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச நாள் பொறுமையாகப் பழக்கினால்? அதற்கு அவர் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்தேன். மறுபடி சொன்னார், மறுபடியும் கேட்கவில்லை. கடைசியில் அவர் கத்த வேண்டியதாகிவிட்டது. "பழக்கி வர்ற விஷயம் இல்லைங்க! இனிமே கூடத்தான் செய்யும், குறையாது!" லாயம் முழுக்க அப்படியே நின்றது. முதலாளியம்மா அறை வாசலுக்கு வந்துவிட்டார். மற்றக் குதிரைகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

வலி அதிகம் இருக்காதாம். முன்னால் நடப்பதற்கு இன்னும் பல வருஷம் ஒன்றும் வராதாம். திறந்தவெளியில் விட்டு வைத்தால் அவன் பாட்டுக்கு இருப்பானாம். குறுகலான இடத்தில் அடைக்கக் கூடாது, பின்னால் போகச் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். முதலாளியம்மாவின் புது இடத்தில் திறந்தவெளி கிடையாது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மன்னிப்பு கேட்டார். அவரை மன்னிக்க என்ன இருக்கிறது?

எல்லாரும் போன பிறகு அவன் பக்கத்தில் நின்றேன். முடியாதவனைப் போய் மனசு வை, மனசு வை என்று நெருக்கியிருக்கிறேன். என்னைத் திருப்திப்படுத்த அன்றைக்கு எப்படியோ ஒரு அடி வைத்துக் காட்டினானே, அது அவனுக்கு என்ன பாடோ. அதைத்தான் நான் கொண்டாடினேன். அவன் என் சட்டைப் பையைத் தேடினான். காரட்டும் கொண்டுபோகவில்லை.

இன்னொன்று பாப்பா. உன் டாக்டரும் அன்று என் காதுக்காகக் கத்தித்தான் சொன்னார்.

எனக்குக் கேட்டது.

அப்பா

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்களுக்குக் கேட்டது என்று அம்மாவுக்குத் தெரியுமாம். அன்று திரும்பிப் போகும்போது பஸ் நிலையத்தில் நீங்கள் தப்பான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தீர்கள் என்று, வழியனுப்ப வந்த அம்மா இப்போது சொல்கிறாள். என்னிடம் இத்தனை நாள் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கத்தான் ஆளில்லை.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் மனசு வை என்று எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வார்டில் விளக்கை அணைக்கும் முன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு மனசு வைப்பேன் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு வைப்பேன். அது என்னுடைய விரல் மாதிரியே இருக்காது. பக்கத்துத் தையல்காரம்மாவின் விரலை நான் அசைக்கப் பார்க்கிற மாதிரி இருக்கும். அசையாதபோது, நம் மனசுதான் போதவில்லையோ, அப்பா நினைக்கிற அளவுக்கு நான் வைக்கவில்லையோ என்று தோன்றும். எனக்கு எல்லாம் புரிந்த பிறகும் அப்படித் தோன்றியது. அதுதான் பயம்.

துரைக்கு ஒரு இடம் பாருங்கள். ஒரு திறந்த வெளியும், வேலியும், துணைக்கு ஏதாவது ஒரு மிருகமும் இருந்தால் போதும், ஆடு மாடு எதுவானாலும் சரி. குதிரை தனியாக இருக்கக் கூடாது. என் குதிரை என்று யோசிக்காதீர்கள். வைத்துக்கொள்கிறவருக்கே அவன் சொந்தமாக இருக்கட்டும். நான் வந்து கேட்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். எழுதிவிட்டு நர்ஸ் வந்ததுகூடத் தெரியாமல் அழுதேன், அது வேறு.

வண்டியில் ஏற்றாதீர்கள். ஏறிவிடுவான், இறங்க முடியாது.

அன்பு மகள்,
பாப்பா

*

செப்டம்பர் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் சிமெண்ட் தூசி இருந்தால் தட்டிவிட்டுப் படி. கொத்தனார் வெளியூர் எங்கும் போகவில்லை, இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். போய்க் கூப்பிட்ட அன்றே வந்தார். குளியலறைச் சுவர் இடித்தாகிவிட்டது. அகலக் கதவு நாளை வருகிறது. வாசலில் சாய்தளம் போட்டு ஈரச் சாக்கு மூடி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கென்று உன் அறையிலேயே இன்னொரு கட்டில் போட்டிருக்கிறேன்.

துரைக்கு இடம் கிடைத்தது. டாக்டர் சொல்லித்தான். ஊருக்கு வெளியே ஒரு பால் பண்ணைக்காரர். பெரிய புல்வெளி, சுற்றிலும் வேலி, முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி. எந்தப் பக்கம் போனாலும் முன்னோக்கியே போகலாம். நீ சொன்னதைச் சொன்னேன். அவர், சவாரிக்கு இல்லை, பால் கறக்காது, சாணிக்குத்தான் ஆகும், பரவாயில்லை விடுங்க என்றார். அவர் பேசும் விதமே அப்படி. வேலி ஓரம் காரட் பயிர் வைத்திருக்கிறார்.

நேற்று நானும் குதிரைக்காரருமாக நடத்தியே கூட்டிப் போனோம். பெரிய சாலையில் பஸ் லாரி என்று பயந்து, சந்து வழியாகப் போகலாம் என்றேன். தப்பு என்னுடையதுதான். இரண்டு பக்கமும் உயர மதில், குதிரைக்காரர் பின்னால் வர நான் முன்னால் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், எதிரே ஒரு மூன்று சக்கர லோடு வண்டி நுழைந்துவிட்டது. தண்ணீர் கேன் அடுக்கியிருந்தான். அவனும் சந்தை அடைத்துக்கொண்டு நிற்கிறான், நாங்களும் அடைத்துக்கொண்டு நிற்கிறோம். அவ்வளவு பெரிய உடம்பைத் திருப்ப இடமில்லை. ஹார்ன் அடித்தான் போல, துரை காதை மடக்கினான்.

டிரைவர் தலையை நீட்டி, குதிரையைப் பின்னால் எடுங்க பெரியவரே என்று கையைக் காட்டினான். அவனுக்குப் பின்னால் இரண்டு ஸ்கூட்டர் வந்து நின்றுவிட்டது. எங்களுக்குப் பின்னாலும் யாரோ சைக்கிளோடு. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். நாலு அடி வைத்தால் போதும், சந்து முனைக்குப் போய்விடலாம் என்று ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இன்னொருவர், தட்டுங்க போகும் என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கயிறு என் கையில் இருக்கிறது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான் கேட்கப் போகிறேன் என்று நினைத்து வலது பின்னங்காலை மெல்ல எடுக்க ஆரம்பித்துவிட்டான் பாப்பா. நடுங்குகிற காலை எனக்காக எடுக்கிறான்.

நான் கையை எடுத்துவிட்டேன். கழுத்தைத் தடவிக் கொடுத்தேன். பிறகு டிரைவரிடம் போய்ச் சொன்னேன்.

"அதால முடியாதுப்பா."

"என்ன முடியாது? நாலு அடி..."

"நாலு அடி இல்ல, ஒரு அடி முடியாது. அதுக்கு அப்படி ஒரு கோளாறு. எவ்வளவு சொன்னாலும் முடியாது. நீதான் எடுக்கணும்."

நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. காது மந்தமானவனுக்கு அந்த அளவு தெரிவதில்லை. டிரைவர் இறங்கி வந்து குனிந்து துரையின் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தக் கால் இன்னும் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. திரும்பப் போய் வண்டியில் உட்கார்ந்தான். ஸ்கூட்டர்கள் முதலில் பின்னால் போயின, பிறகு அவன் போனான். மதிலில் உரசாமல் இருக்க நான் முன்னால் நின்று கை காட்டினேன். நாங்கள் ஒவ்வொரு அடியாக முன்னால் போனோம்.

பண்ணையில் கயிற்றை அவிழ்த்ததும் துரை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். மாடுகள் எழுந்து நின்றன. ஒரு வெள்ளைப் பசு வந்து முகர்ந்தது. நானும் நிற்கவில்லை. குதிரைக்காரர்தான் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இன்று காலை எதிர்வீட்டு வாத்தியார் கொத்து வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். பாப்பா எப்போது எழுந்து நடப்பாள், நல்ல சேதி உண்டா என்று கேட்டார். "நடக்க மாட்டா சார். வீட்டுக்கு வர்றா" என்றேன். இரண்டு பேரும் கொத்தனார் பூசுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சாய்தளம் காய்ந்ததும் எழுதுகிறேன்.

உன்,
அப்பா

*

செப்டம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத வேண்டாம், காய்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை எங்களை அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரி வண்டியே வீட்டு வாசல் வரை வரும். அம்மா பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டாள், நாலு நாள் இருக்கும்போதே.

உங்கள் கடிதத்தை அவளுக்கு நான் வாசிக்கவில்லை, முடியவில்லை. தையல்காரம்மா வாங்கி வாசித்துக் காட்டினார். சந்து வந்த இடத்தில் அவரும் நிறுத்திவிட்டார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே மிச்சத்தை வாசித்தாள்.

துரையைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இப்போது தோன்றவில்லை. தோன்றினால் சொல்கிறேன். தோன்றாமலே போனாலும் ஏன் என்று கேட்காதீர்கள்.

வீட்டில் எனக்கு நிறைய உதவி வேண்டியிருக்கும் அப்பா. சிலது பார்க்கவே கஷ்டமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இனிமேல் குறையாது. டாக்டர் கத்திச் சொன்ன மாதிரிதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே விட்டுவிட்டுப் போன அன்று, என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டபோது நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வெள்ளிக்கிழமை வண்டி வந்து நின்றதும் இரண்டு பேர் என்னைத் தூக்கி இறக்குவார்கள். கால் இரண்டும் தொங்கும், செருப்பு கழன்று விழும். அப்போது வேறு பக்கம் பார்க்காதீர்கள். கிட்டே வந்து, முட்டிக்குக் கீழே கையைக் கொடுத்து நீங்களும் பிடியுங்கள். தொடுவது எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் பிடித்திருப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்பு மகள்,
பாப்பா